லண்டனுக்குப் போன துஆ

"வா மச்சி. உனக்கென்ன, நீ இன்னைக்கும் நிம்மதியாப் பீடி சுத்தலாம்" என்றாள் ஷம்ஸியா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மைதீன் பாத்திமா பீடித்தட்டை இடுப்பில் அணைத்தபடி நடையிலேயே நின்றாள். மணி ஏழுகூட ஆகவில்லை. அதற்குள் ஷம்ஸியா வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. மேலப்பாளையத்தில் அந்தத் தெருவில் பெரிய டிவி அங்கேதான் இருந்தது. ஷம்ஸியாவின் மகன் ரசீத் பஹ்ரைனிலிருந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்தது. தெருப் பெண்கள் தினமும் தட்டோடு வந்து அதன் முன்னால் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். மற்ற நாளில் சீரியல் ஓடும். இன்று போர்ச் செய்தியில் உலக வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் குண்டு விழுந்த இடமெல்லாம் சிவப்பு வட்டங்கள் அம்மைக் கொப்புளம்போல ஒவ்வொன்றாக எழும்பின.

"எனக்கென்னன்னு எதுக்குச் சொல்லுத?"

"ஒம் மவன் லண்டன்ல இருக்கான். அங்கன ஒன்னும் விழல. எம் புள்ள இருக்க ஊருலதான் விடியக்காலம் விழுந்திருக்கு." சொல்லிவிட்டு ஷம்ஸியா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். உடனே இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கைகள் அவள் முதுகைத் தடவின.

பாத்திமா அந்தக் கைகளையே பார்த்தாள். ஒரு கை ஆவுடைத்தாயுடையது; அவள் புருஷன் சிவசண்முகம் செங்கடலில் சரக்குக் கப்பலில் இருக்கிறான். அவளுக்கே ஆறுதல் வேண்டியிருக்க, அவள்கூட ஷம்ஸியாவைத்தான் தடவிக்கொடுக்கிறாள். எது வந்தாலும் இவளுக்குத்தான் வரும். சுகம் வந்தாலும் இவளுக்கு, துக்கம் வந்தாலும் அதற்குக் கூட்டமும் இவளுக்கு.

வாய்க்கு வாய் மச்சி என்று முறை சொல்லிக்கொண்டாலும், இந்த வயிற்றெரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. பாத்திமாவுக்கு மகன் நாசர் பிறந்து, நாற்பதாம் நாள் குளித்து எழுந்த அன்று வீட்டில் விருந்து. ஆக்கிய நெய்ச்சோறு பாதிப் பேர் வாயில் இருக்கும்போதே எதிர்வீட்டில் ஷம்ஸியாவுக்கு வலி கண்டுவிட்டது. அத்தனை பெண்களும் கையைக் கழுவியும் கழுவாமலும் தெருவைத் தாண்டி ஓடினார்கள். நாசரைத் தொட்டிலில் ஆட்ட ஆளில்லை. அன்று பிறந்தவன்தான் ரசீத். இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த நெய்ச்சோறு இன்னும் பாத்திமாவின் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

அதனால்தான் லண்டன் வந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் நாசர் பம்பாயில் ஏஜெண்டு வீட்டில் மூன்று மாதம் காத்துக் கிடந்தான். ஒருநாள் போனில் இரைச்சலுக்கு நடுவே கத்தினான், "உம்மா, லண்டன்ல வேலை கெடைச்சிருச்சு." அவ்வளவுதான் அவள் காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டு நேரே தெருவைத் தாண்டினாள். "மச்சி, ஒம் மவன் பஹ்ரைன்லதானே இருக்கான்? எம் மவன் லண்டனுக்குப் போறான்." ஷம்ஸியாவின் முகம் சுருங்கியதை அவள் கண்ணாரப் பார்த்தாள். அன்று சாயங்காலமே தெரு முழுக்க அல்வா கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து நாசர் பேசினான். "கடைப் பேருதாம்மா லண்டன். லண்டன் லாண்டரி. சலவைக்கடை. ஊரு பஹ்ரைன்."

"பஹ்ரைனா?"

"ரசீத் இருக்கான்ல, அதே ஊருதான். தப்பாக் கேட்டுட்டேன்னு சொல்லிருங்க, முடிஞ்சு போச்சு."

"எவகிட்டலே சொல்லச் சொல்லுத? அவகிட்டயா? ஏலே, கேட்டுக்கோ. நம்ம ஊர்க்காரன் போன்லருந்து எனக்கு ஒருநாளும் கூப்பிடாத. அந்த ரசீத் பய இருக்க தெசையில தலைவச்சும் படுக்காத. எந் தலைமேல சத்தியம் பண்ணு."

அவனும் பண்ணினான். ஒரே ஒருமுறை ஊருக்கு வந்தபோது, சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டு, வேர்த்து வடிந்து இறங்கினான். பெட்டியில் பஹ்ரைன் என்று ஒட்டியிருந்த விமானச் சீட்டை ஆட்டோவிலேயே பாத்திமா நகத்தால் சுரண்டி எடுத்தாள். சாக்லேட் டின்னைத் திருப்பிப் பார்த்த ஷம்ஸியா, "லண்டன்லயும் அரபிலதான் எழுதுவாங்களா மச்சி?" என்று கேட்டாள். "அங்கன கடை வச்சிருக்கதே முக்காவாசி அரபிங்கதான்" என்று பாத்திமா வாய் கூசாமல் சொன்னாள்.

இன்று அந்த லண்டனால்தான் அவள் யாரிடமும் எதுவும் கேட்க முடியவில்லை.

விடியற்காலையிலிருந்து ஏழு தடவை நாசருக்குப் போன் போட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் அரபியில் ஏதோ சொன்னாள். பாத்திமா ஏழு வயதிலிருந்து ஓதுகிற மொழி. ஒரு வார்த்தை புரியவில்லை.

"என்ன மச்சி, நின்னுட்டே இருக்க? உக்காரு" என்றாள் ஷம்ஸியா.

பாத்திமா சுவரோரம் உட்கார்ந்து இலையை வெட்டத் தொடங்கினாள். இரவே நனைத்து வைத்த இலை. போர் என்றாலும் வெட்டித்தான் ஆகவேண்டும், நாளைக்கு வைத்தால் பூசணம் பூத்துப் போகும்.

கூடத்தின் நடுவே நிலோஃபர் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் மதரசாவில் ஓதிக் கொடுப்பவள். சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு எல்லாருக்குமாகக் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதி, அல்லாஹ்விடம் துஆ கேட்கப்போகிறாள். டிவியில் ஓர் இடத்தைச் சொன்னால் நோட்டில் அந்த ஊரைத் தலைப்பாக எழுதுவாள். கீழே அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் பெயர். துஆவில் பெயரைத் தாயின் பெயரோடுதான் சொல்வார்கள் என்பதால் தாய் பெயரும் உண்டு. காலை ஒன்பது மணிக்குள் கத்தார், குவைத், பஹ்ரைன் என்று மூன்று பக்கம் நிறைந்துவிட்டது. யார் யாரைச் சுட்டார்கள் என்பதில் அந்தக் கூடத்துக்கு அக்கறை இல்லை. எங்கே விழுந்தது என்பதுதான் பேச்சு.

"செங்கடலப் போட்டுக்கோ தாயி" என்றாள் ஆவுடைத்தாய். "எங்க வீட்டுக்காரரு பேரு சிவசண்முகம். நான் காந்திமதியம்மனுக்கும் நேந்திருக்கேன். நீயும் ஒருவாட்டி சொல்லிரு."

"அவங்க அம்மா பேரு என்னக்கா?"

"அந்தக் கெழவி பேரா? அதச் சொன்னா கப்பலு இப்பவே முங்கிரும்."

காலையிலிருந்து முதல்முறையாகக் கூடம் சிரித்தது. ஆவுடைத்தாயும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "சொர்ணாம்பாள்னு எழுது. என்ன இருந்தாலும் பெத்தவ."

நிலோஃபர் எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தாள். "பாத்துமா மாமி, உங்களுக்கு எழுத ஒன்னும் இல்ல, அல்ஹம்துலில்லாஹ்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் பாத்திமா. கத்தரிக்கோல் இலையை விட்டு விரலைக் கடித்தது.

"தூளு எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்தாள். தட்டில் புகையிலைத் தூள் குவிந்து கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை. தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு எட்டாவது தடவை போட்டாள். அந்த அரபிப் பெண்தான் மறுபடியும் வந்தாள். கொடியில் நாசரின் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தெருவில் எல்லாருக்கும் தெரியட்டும் என்று ஜன்னலுக்கு நேரே அவள்தான் தொங்கவிட்டிருந்தாள்.

யாரிடம் கேட்பது? பஹ்ரைனில் நம் ஊர்ப் பையன்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையிலிருந்து அதில் ஒவ்வொருவனாக 'நான் பத்திரம்' என்று போடுகிறான் என்று ஷம்ஸியா வாசித்துக் காட்டினாள். நாசர் அதில் இல்லை. அவனை அதில் சேரவிடாமல் செய்தவளே அவள்தான்.

மறுபடியும் அவள் ஷம்ஸியா வீட்டுக்குள் நுழைந்தபோது மத்தியான லுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்லி முடித்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஷம்ஸியாவின் போன் அடித்தது. "ரசீத்து" என்று அவள் எழுந்த வேகத்தில் தட்டு கவிழ்ந்து, சுற்றி முடித்த பீடிகள் தரையெல்லாம் உருண்டன. பத்துக் கைகள் பொறுக்கின. ஒருத்தி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"உம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன். கட்டடத்துக்குக் கீழ, கார் நிறுத்துற எடத்துல உக்காந்திருக்கோம். அழாதீங்க."

"அழலடா வாப்பா. சாப்பிட்டியா?"

"ரொட்டி இருக்கு. நான் தனியா இல்லம்மா. நம்ம ஊர்ப் பய ஒருத்தனும் எங்கூட இருக்கான். விடியக்காலமே போயி நான்தான் வண்டில கூட்டிட்டு வந்தேன்."

"யாருலே அது?"

இரைச்சல். பிறகு ரசீத், "அது... பொறவு சொல்லுதேன், சார்ஜ் கம்மியா இருக்கு" என்றான். போன் நின்றது.

கூடமே ஒரு மூச்சு விட்டது. பாத்திமா மட்டும் விடவில்லை. ரசீத்தின் குரல் அவளுக்குள் எரிந்துகொண்டே இறங்கியது. நல்லாத்தான் இருக்கானாம். ரொட்டி இருக்காம். எல்லாம் இவள் பிள்ளைக்குக் கிடைக்கும். எட்டு தடவை போட்டேன், எனக்கு ஒரு 'உம்மா' கிடைக்கவில்லை.

"அது யாரா இருக்கும், கூட இருக்கவன்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எந் தம்பியாத்தான் இருக்கும். அவன் ரசீத்தோட சேக்காளி."

"ஏளா, ஒந் தம்பி வேற எடம், முகர்ரக்குல இருக்கான். இது எங்க மச்சான் மவன்."

ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒவ்வொருத்தியும் அந்த ஒருத்தனைத் தன் வீட்டுப் பையனாக்கிக்கொண்டு கொஞ்சம் தைரியம் அடைந்தாள். பாத்திமாவுக்கு அதற்கும் வழியில்லை. பெயர் தெரியாத அந்தப் பயலைப் பெற்றவள் யாரோ, அவள்மேலும் பொறாமையாக இருந்தது. கொடுத்து வைத்தவள். ஒரு சத்தமும் போடாமல், ஒருத்தனிடமும் கேட்காமல், அவள் பிள்ளையை விடியற்காலையிலேயே வண்டியில் ஏற்றி வந்திருக்கிறார்கள். நம் பிள்ளையை ஏற்ற யார் இருக்கிறார்கள்?

"மச்சி" என்றாள் பாத்திமா.

"என்ன மச்சி?"

கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஷம்ஸியாவின் முகம் ரசீத்தின் குரலைக் கேட்ட பூரிப்பில் மினுமினுவென்று இருந்தது. அந்த முகத்திடமா?

"ஒன்னுமில்ல. பீடி கட்ட நூலு இருந்தாக் குடு."

மூன்று மணிக்கு வரைபடம் இடப்பக்கமாக நகர்ந்தது. கிழக்கே எங்கோ ஒரு தீவில் ஒரு துறைமுகம் எரிகிறது என்று காட்டிக்கொண்டிருந்தவர்கள், சட்டென்று மேற்கே போனார்கள். புதிதாக ஒரு வட்டம். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த நிலோஃபர் எழுத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

"பாத்துமா மாமி" என்றாள் மெதுவாக. "லண்டனுக்குப் பக்கத்துல ஒரு விமானப்படைத் தளத்துல விழுந்திருக்காம். ஏர்போர்ட்ட மூடிட்டாங்களாம்."

அத்தனை தலைகளும் திரும்பின.

"யா அல்லாஹ், நம்ம நாசரு."

"பாத்துமாக்கா, பைய உக்காருங்க. ஏட்டி, அக்காவுக்குத் தண்ணி கொண்டாங்கட்டி."

ஷம்ஸியாவே எழுந்தாள். ஃபேனுக்குக் கீழே, டிவிக்கு நேரே, எப்போதும் அவள் உட்காரும் இடம். அங்கே பாத்திமாவைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். கண்ணாடி அலமாரியிலிருந்து விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கிற கோப்பையில் சாயா வந்தது. ஐந்தாறு கைகள் முதுகில். இருபத்தெட்டு வருஷமாக அவள் கேட்டது இதுதான். இப்போது கிடைத்துவிட்டது, பிள்ளை இல்லாத ஊருக்காக. அந்தக் கைகள் ஒவ்வொன்றும் சூடு வைத்ததுபோல இருந்தது.

"போன் போட்டியா மச்சி? என்ன சொல்லுதான்?"

"போவல."

"லண்டன் பெரிய ஊரு. ஒன்னும் ஆயிருக்காது" என்றாள் ஷம்ஸியா. அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அதுதான் பாத்திமாவுக்குத் தாங்கவில்லை.

அசர் தொழுது முடித்து நிலோஃபர் யாசீன் ஓதினாள். பிறகு நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு கையேந்தினாள். எல்லாரும் ஏந்தினார்கள். ஆவுடைத்தாய் கும்பிட்டாள்.

"யா அல்லாஹ், செங்கடலில் இருக்கும் சொர்ணாம்பாளின் மகன் சிவசண்முகத்தைப் பாதுகாப்பாயாக."

"ஆமீன்."

"பஹ்ரைனில் இருக்கும் ஷம்ஸியாவின் மகன் ரசீத்தைப் பாதுகாப்பாயாக."

"ஆமீன்."

"லண்டனில் இருக்கும் மைதீன் பாத்திமாவின் மகன் நாசரைப் பாதுகாப்பாயாக."

"ஆமீன்" என்று கூடம் முழுக்க, மற்ற எல்லாப் பெயரையும்விடச் சத்தமாகச் சொன்னது. பாத்திமாவின் வாய் திறக்கவில்லை. இத்தனை பேர் கேட்கிற துஆ அப்படியே புறப்பட்டுப் போய், கோட்டுப் போட்ட எவனோ ஒருவன் தலைமேல் இறங்குவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. நாசர் எங்கோ ஒரு மூலையில் வெறும் தலையோடு உட்கார்ந்திருக்கிறான்.

"லண்டன்ல இல்ல" என்றாள்.

நிலோஃபர் ஏந்திய கையை இறக்காமல் திரும்பினாள். "என்ன மாமி?"

"எம் புள்ள லண்டன்ல இல்ல. துஆவ அங்கன அனுப்பாத."

"அவன் எங்கன இருந்தாலும் அல்லாஹ்வுக்குத் தெரியும் மாமி."

"அல்லாஹ்வுக்குத் தெரியும். இவளுக்குல்லா தெரியணும்" என்று பாத்திமா ஷம்ஸியாவைக் காட்டினாள். "மச்சி, ரசீத்துக்குப் போன் போடு. அவன் இருக்க ஊருல லண்டன்னு ஒரு சலவைக்கடை இருக்கும். எம் மவன் அங்கனதான் துணி தேய்க்கான். உசுரோட இருக்கானான்னு பாத்துச் சொல்லச் சொல்லு."

ஆவுடைத்தாய்தான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப அந்தக் கோட்டு?"

"தேய்க்க வந்த கோட்டு. எவனோ வாங்காமலே வுட்டுட்டுப் போனது."

ஷம்ஸியா கையில் போன் இருந்தது. அவள் போடவில்லை. அவள் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"நாலு வருசம்" என்றாள். "ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் எம் புள்ளைய ஏசியிருக்கேன் தெரியுமா? பாத்துமா மவனப் பாரு, லண்டன்ல தொரை மாதிரி இருக்கான், நீ இன்னும் வண்டி ஓட்டிட்டுத் திரியுதன்னு. ஒரு வாட்டி அவன் அழுதுட்டான். ஒம் மவன் கோட்டப் பாத்துட்டு எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல மச்சி."

உயிர் போகிற அந்தப் பயத்துக்கு நடுவிலும் பாத்திமாவின் நாக்கு நுனியில் ஒரு சிட்டிகைச் சீனி வைத்ததுபோல இருந்தது. இவளுக்கா சோறு இறங்கவில்லை? என்னைப் பார்த்தா? அடுத்த நொடியே அந்த இனிப்பு கசந்தது.

"பொறவு ஏசு. நாள் முழுக்க ஏசு. இப்பப் போன் போடு, மச்சி. ஒன் காலப் பிடிக்கேன்."

ஷம்ஸியா போட்டாள். நாலு தடவை மணி அடித்த பிறகுதான் ரசீத் எடுத்தான்.

"ஏலே ரசீத்து, அங்கன லண்டன் லாண்டரின்னு ஒரு கடை இருக்காமே. அதுல நம்ம நாசரு..."

ரசீத் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உம்மா, பாத்துமா மாமி பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா."

"அப்ப எனக்கு ஒன்னும் தெரியாது."

"எல்லாத்தையும் அவளே சொல்லிட்டாளே. நீ சொல்லு."

ஏதோ உரசும் சத்தம். யாரோ யாரையோ தள்ளுவதுபோல. அப்புறம் ஒரு குரல், கரகரத்து, "உம்மா" என்றது.

பாத்திமா ஷம்ஸியாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "நாசரு? வாப்பா? நீயா அது? நல்லாருக்கியாடா?"

"நல்லாருக்கேம்மா. போனு கடைக்குள்ளயே கெடக்கு. போட்டது போட்டபடி ஓடியாந்தோம். ரசீத்துதான் வந்து ஏத்திட்டு வந்தான். அவன் உடுப்பு நாலு வருசமா நம்ம கடையிலதானம்மா சலவைக்குப் போடுதான்."

"மத்தியானம் அவன் பேசும்போது பக்கத்துலயேவா இருந்த?"

"ஆமா."

"ஒரு வார்த்தை பேசப்படாதால? காலைலருந்து நான் செத்துச் செத்துப் பொழைக்கேன்."

"நீங்கதானம்மா சத்தியம் வாங்குனீங்க. நம்ம ஊர்க்காரன் போன்லருந்து கூப்பிடப்படாதுன்னு. ஸ்பீக்கர்ல தெருவே கேட்டுட்டு இருக்குன்னு ரசீத்து சொன்னான். நான் பேசிட்டா உங்க லண்டன் என்னாவும்?"

அப்படியானால் அந்தக் கொடுத்து வைத்தவள், அந்தப் பெயர் தெரியாத பயலைப் பெற்றவள்... போனைக் காதோடு அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுகையா சிரிப்பா என்று பக்கத்திலிருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

"கொண்டா இங்க" என்று ஷம்ஸியா போனை வாங்கினாள். "எம் மவனுக்குச் சார்ஜ் கம்மி. லே நாசரு, மாமி பேசுதேன். ரொட்டியப் பகுந்து தின்னுங்க. ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருங்க, பிரிஞ்சு போவாதீங்க." வைத்துவிட்டு, பாத்திமாவைப் பார்க்காமலே சொன்னாள்: "எங்கிட்ட என்னமாப் பேசுதான். சொந்த மாமி மாதிரி."

பாத்திமா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சாயா ஆறிப்போயிருந்தது. டிவியில் இன்னொரு வட்டம் எழும்பிக்கொண்டிருந்தது. நிலோஃபர் நோட்டில் 'லண்டன்' என்ற தலைப்பை அடித்துவிட்டு, பஹ்ரைன் பக்கத்தைப் புரட்டினாள்.

"எங்கன எழுதுத?" என்று பாத்திமா எட்டிப் பார்த்தாள்.

"ரசீத்துக்குக் கீழ மாமி."

"மேல எழுது. எம் மவன் நாப்பது நாளு மூத்தவன்."

"கீழ எழுதுனா துஆ போய்ச் சேராதாக்கும்" என்றாள் ஷம்ஸியா.

"சேரும். நீ மேல எழுதும்மா."

மேலே இடமில்லை. 'பஹ்ரைன்' என்ற எழுத்துக்கும் ரசீத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கில், பொடி எழுத்தாக நிலோஃபர் நாசரை நுழைத்தாள். பாத்திமா குனிந்து பார்த்தாள்.

"இத்துணூண்டாவா எழுதுவ?" என்றாள்.